சுவருள்ள உயிரணுவும் சுவரில்லா உயிரணுவும்



நஞ்சு என்பது யாருக்கும் நஞ்சுதான். எலிக்கு வைத்த மருந்தைக் கோழி கொத்தினால் கோழியும் மாண்டு போகிறது. அப்படியிருக்க, பெனிசிலின் என்னும் மருந்தை ஊசி வழியாக நம் இரத்தத்திலேயே கலந்து விடுகிறோம். அது உள்ளே பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைக் கொல்கிறது. நம்மை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறது. சிலருக்கு அம்மருந்து ஒவ்வாமல் போவதுண்டு. அது வேறு கணக்கு. கிருமியும் உயிர், நாமும் உயிர். இரண்டும் உயிரணுக்களால் ஆனவை. ஒன்றை வீழ்த்துவது மற்றொன்றை ஏன் வீழ்த்தவில்லை? இக்கேள்விக்கு விடை காண மனிதனுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

1665-ஆம் ஆண்டு இலண்டனில் இராபர்ட் ஹூக் என்னும் அறிஞர், புட்டிகளை அடைக்கப் பயன்படும் தக்கையை மெல்லிய சீவலாகச் சீவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். தேன்கூட்டின் கண்ணறைகளைப் போல் சின்னஞ்சிறு அறைகள் நெருக்கமாகத் தெரிந்தன. ஒரு கன அங்குலத் தக்கையில் 120 கோடிக்கும் மேற்பட்ட அறைகள் இருக்கும் என்று கணக்கும் போட்டார். அறை என்று பொருள்படும் 'செல்' என்ற சொல்லை அவர்தாம் வழங்கினார். ஆனால், அவர் கண்டது குடியிருப்பவர் வெளியேறிய காலி வீடு. தக்கை என்பது செத்துப்போன மரப்பட்டை. அதில் உயிர்ப்பொருள் எதுவும் மிச்சமில்லை. எஞ்சி நின்றவை சுவர்கள் மட்டுமே. ஆகவே, உயிரணு என்றாலே சுவர் சூழ்ந்த அறை என்னும் எண்ணம் தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது. நம் உடலின் உயிரணுக்களுக்குச் சுவரே கிடையாது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அதே நூலில் ஹூக், ஆட்டுத்தோல் அட்டை போட்ட சிறு புத்தகம் ஒன்றில் வெள்ளையாய்ப் பூத்திருந்த பூசணத்தையும் வரைந்து வைத்தார். மழைக்காலத்தில் நம் வீட்டுத் தோல் செருப்பில் பூக்கிறதே, அதன் உறவுக்காரப் பூசணந்தான்.

இதற்குப் பத்தாண்டு கழித்து, ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் லேவன்ஹூக் என்ற துணி வணிகர் தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளால் மூன்றையுமே பார்த்துவிட்டார். 1674-இல் இரத்தத்தின் சிவப்பு அணுக்களை வருணித்தார். 1676-இல் நீரில் துள்ளும் நுண்ணுயிர்களைப் பற்றி இலண்டன் அரச கழகத்துக்கு எழுதினார். 1680-இல் பீர் என்னும் மதுவில் மிதந்த நொதியின் உருண்டைகளைக் கண்டார். 1683-இல் பல் இடுக்கிலிருந்து வழித்தெடுத்த அழுக்கில் பாக்டீரியாக்களைக் கண்டு வரைந்தார். மனித உயிரணு, பூஞ்சை உயிரணு, பாக்டீரியா உயிரணு ஆகிய மூன்றும் ஒரே மனிதரின் கண்ணுக்குள் பத்தாண்டுக்குள் வந்து போயின. ஆயினும், அவற்றின் வேறுபாடு அவருக்குப் புலப்படவில்லை. அளவு ஒன்றுதான் தெரிந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சிவப்பணுக்களை வரிசையாக அடுக்கினால் ஏறத்தாழ 130 பிடிக்கும். நொதியணுக்கள் 200 பிடிக்கும். சிறிய உருண்டைப் பாக்டீரியாக்களோ ஆயிரம் பிடிக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்னும் கேள்வி 19-ஆம் நூற்றாண்டில்தான் எழுந்தது. 1831-இல் இராபர்ட் பிரௌன், ஆர்க்கிட் செடியின் உயிரணுக்கள் ஒவ்வொன்றிலும் ஒரு திரண்ட பகுதி இருப்பதைக் கண்டு அதற்கு உட்கரு எனப் பெயரிட்டார். 1838-இல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839-இல் ஷ்வான் விலங்குகளுக்கும், எல்லா உடலும் உயிரணுக்களால் கட்டப்பட்டதே என்று எடுத்துரைத்தனர். வெளியே சுவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உள்ளே உட்கரு வேண்டும் என்பது பொது விதியாயிற்று. (மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவில் மட்டும் உட்கரு இல்லை. மனித உயிரணுக்களில் லேவன்ஹூக்குக்கு முதலில் கிடைத்தது இந்த விதிவிலக்குதான்!) பூஞ்சையைச் சோதித்தார்கள், அதிலும் உட்கரு இருந்தது. பாக்டீரியாவைச் சோதித்தார்கள், எங்கே தேடியும் அகப்படவில்லை. அது மிகச் சிறியது, அதனால்தான் தெரியவில்லை என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். 1925-இல் ஷத்தோன் என்ற பிரெஞ்சு அறிஞர் உட்கரு உள்ளவை, உட்கருவுக்கு முந்திய நிலையில் உள்ளவை என உயிர்களை இரண்டாகப் பிரித்துப் பெயரிட்டார். அதை அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1931-இல் ஜெர்மனியில் ரூஸ்காவும் நோலும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியைச் செய்த பிறகு, பாக்டீரியாவின் உள்ளறையைத் துலக்கமாகப் பார்க்க வழி பிறந்தது. மரபுப்பொருள் எந்தச் சவ்வுக்குள்ளும் அடங்காமல் கூழின் நடுவே சுருண்டு கிடந்தது. 1962-இல்தான் ஸ்டேனியரும் வான் நீலும் பாக்டீரியா என்றால் என்ன என்பதை அறுதியிட்டுக் கூறினார்கள். கண்ணால் கண்டு ஏறத்தாழ 280 ஆண்டுகள் கழித்து!

பூஞ்சையின் கதை இன்னும் விந்தையானது. அது ஓரிடத்தில் முளைக்கிறது, நகர்வதில்லை, சுவரும் இருக்கிறது. ஆகவே தாவரம் என்றே பழைய நூல்கள் எழுதி வைத்தன. ஆனால், 1811-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டின் பிரக்கோனோ என்பவர் காளானிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்திருந்தார். 1823-இல் அதே பொருள் பூச்சிகளின் ஓட்டிலும் அகப்பட்டது. அதற்குக் கைட்டின் என்று பெயர். இறால் தோலும் கரப்பான் இறக்கையும் எதனால் ஆனவையோ, அதுவே காளானின் சுவரிலும் இருக்கிறது. மரஞ்செடிகளின் சுவர் செல்லுலோஸ் என்னும் வேறு பொருளால் ஆனது. சான்று கையில் இருந்தும், 1969-இல் விட்டேக்கர் பூஞ்சைகளுக்குத் தனி உலகம் அமைத்துக் கொடுக்கும்வரை, தாவரம் என்ற வழக்கமே பெரிதும் நிலைத்திருந்தது. பிறகு 1993-இல் மரபுச் செய்திகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் மேலும் ஒரு படி சென்றார்கள். காளானுக்கு நெருங்கிய சொந்தம் வாழையோ தென்னையோ அன்று. விலங்குகளே, அதாவது நாமே என்றார்கள்.

தோட்டப்புறத்தில் இருக்கும் நேயர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. செம்பனை மரத்தின் அடித்தண்டை அழுகச் செய்யும் கானோடெர்மா உண்மையான பூஞ்சை. அதன் சுவரில் கைட்டின் இருக்கிறது. ஆனால், ரப்பர் மரத்தில் மழைக்காலத்தில் பால் வெட்டும் பட்டையில் கறுப்புக் கோடுகளாக விழுமே ஒரு நோய், அதற்குக் காரணமான பைட்டோப்தோராவைப் பூஞ்சை என்றே நெடுங்காலம் அழைத்து வந்தார்கள். அதன் சுவரிலோ செல்லுலோஸ் இருக்கிறது. இன்று அது பூஞ்சைக் குடும்பத்தில் சேர்க்கப்படுவதில்லை. உருவத்தைப் பார்த்து உறவு சொல்வதில் இந்தச் சங்கடம் எப்போதும் இருக்கிறது.

இனி நோய்க்கு வருவோம். நுண்ணுயிரால் நோய் வரும் என்று முதன்முதலில் மெய்ப்பிக்கப்பட்டவற்றுள் பூஞ்சை நோயும் ஒன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1835-இல் இத்தாலியில் பாஸி என்பவர் பட்டுப்புழுக்களைச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கவைத்துக் கொல்லும் நோய்க்குப் பூஞ்சையே காரணம் என்று காட்டினார். 1841-இல் பாரிசில் குரூபி, குழந்தைகளின் தலையில் வரும் ஒருவகைப் படைக்குப் பூஞ்சைதான் காரணம் என்று காட்டினார். கோக் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஆந்திராக்ஸ் நோயின் பாக்டீரியாவை மெய்ப்பித்தது 1876-இல். அப்படியானால் மருந்தும் பூஞ்சைக்குத்தானே முதலில் வந்திருக்க வேண்டும்? வரவில்லை. பாக்டீரியா முந்திக்கொண்டது. காரணம் உயிரணுவின் அமைப்பில்தான் இருக்கிறது.

1884-இல் பெர்லின் நகர மருத்துவமனை ஒன்றின் பிணவறை ஆய்வுக்கூடத்தில் கிராம் என்னும் டேனிய மருத்துவர் வேலை செய்துகொண்டிருந்தார். நுரையீரல் காய்ச்சலில் இறந்தவர்களின் நுரையீரலைச் சீவிப் பார்ப்பது அவர் பணி. சாயம் ஏற்றினால் கிருமியும் நிறமேறியது, மனித உயிரணுவின் உட்கருவும் நிறமேறியது; எது எது என்று பிரித்தறிய முடியவில்லை. அவர் ஊதாச் சாயத்தை ஏற்றி, அயோடினில் நனைத்து, பின்பு சாராயத்தால் கழுவினார். மனித உயிரணுக்கள் வெளுத்துவிட்டன. கிருமிகள் ஊதாவாகவே நின்றன. ஆனால், சில வகைக் கிருமிகள் மனித உயிரணுவைப் போலவே வெளுத்துப் போயின. தம் முறை குறைபாடுடையது என்று அவர் அடக்கமாக எழுதினார். நம் எண்ணத்தில், அந்தக் குறைபாடுதான் அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு. ஊதா நிறத்தைத் தக்கவைப்பவற்றுக்குத் தடித்த சுவர். வெளுப்பவற்றுக்கு மெல்லிய சுவரும் அதன்மேல் இன்னுமொரு வெளிச்சவ்வும் உண்டு. இது பின்னால்தான் தெரிந்தது. இன்றும் ஆய்வுக்கூடங்களில் கிருமி என்று எடுத்தவுடன் பெரும்பாலும் முதலில் செய்யப்படுவது கிராம் சாயச் சோதனையே.

1928-இல் இலண்டன் புனித மேரி மருத்துவமனையில் ஃபிளெமிங், தட்டில் வளர்த்த கிருமிகள் ஒரு பூசணத்தைச் சுற்றி மட்டும் கரைந்து போயிருப்பதைக் கண்டார். அது எல்லாரும் அறிந்த கதை. அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பூசணச்சாறு மனிதனின் வெள்ளணுக்களைக் கெடுக்கிறதா என்றும் அவர் சோதித்தார். கெடுக்கவில்லை. அக்காலத்துக் கிருமிக்கொல்லிகள் பலவும் கிருமிக்கு முன் வெள்ளணுவைக் கொல்பவை. 1910-இல் மேகநோய்க்கு வந்த சால்வர்சான்கூடப் பாஷாணம் சேர்ந்த மருந்துதான். ஆகவே இது புதுமை. 1940-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரியும் செயினும் ஹீட்லியும் அதைத் தூய்மைப்படுத்தி எலிகளைக் காப்பாற்றினார்கள். 1941 பிப்ரவரியில் ஒரு காவலருக்குக் கொடுத்தார்கள், அவர் தேறி வந்தார், மருந்து தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். போதவில்லை, மார்ச்சில் இறந்துபோனார்.

அது எப்படிக் கொல்கிறது? அதே ஆக்ஸ்ஃபோர்டில் கார்டனர் 1940-இலேயே நுண்ணோக்கியில் பார்த்தார். பெனிசிலின் பட்ட கிருமிகள் உடனே சாகவில்லை. உருவம் கெட்டு நீண்டன, வீங்கின, பிறகு வெடித்தன. விளக்கம் படிப்படியாக வந்தது. 1957-இல் பார்க்கும் ஸ்ட்ரோமிஞ்சரும் பெனிசிலின் தாக்குவது சுவரைக் கட்டும் வேலையையே என்று காட்டினார்கள். 1965-இல் எந்தக் கட்டத்தில் தாக்குகிறது என்பதும் தெளிவாயிற்று. பாக்டீரியாவின் சுவர் பிரம்புக் கூடையைப் போன்றது. நெட்டுக்குச் சர்க்கரை இழைகள். அவற்றைக் குறுக்கே பிணைப்பவை குட்டையான புரதத் துணுக்குகள். கிருமி வளரும்போது பழைய பின்னலை அங்கங்கே அறுத்துப் புதிய இழையைச் செருகி முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுப் போடும் நொதியின் கையைத்தான் பெனிசிலின் கட்டிவிடுகிறது. அறுப்பு நடக்கிறது, முடிச்சு விழவில்லை. தடித்த சுவர்க் கிருமியின் உள்ளழுத்தம் சுமார் 20 வளிமண்டல அளவு இருக்கும். கார் சக்கரத்தின் காற்றழுத்தம் இரண்டு, இரண்டரைதான். கூடை பிரிந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

நம் உயிரணுவிலோ கூடையே இல்லை. மெல்லிய சவ்வு ஒன்றுதான். உப்பும் நீரும் அளவோடு கலந்த இரத்தத்தில் மிதப்பதால் அதற்குச் சுவர் தேவைப்படவில்லை. இல்லாத சுவரை இடிப்பது எப்படி? நமக்கு ஊறு வராததன் காரணம் இதுதான். பூசணத்துக்குச் சுவர் உண்டு, ஆனால் அது கைட்டினும் குளுக்கனும் சேர்ந்த வேறு கட்டடம். அதனால்தான் பெனிசிலினைச் சுரக்கும் பூசணம் தன் மருந்தால் தானே சாகாமல் இருக்கிறது.

எல்லாப் பாக்டீரியாவுக்கும் இந்த மருந்து செல்லாது. நம் நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லலாம். 1911-இல் விட்மோர் என்பவர் இரங்கூனில் ஒரு புதிய கிருமியைப் பிரித்தார். 1913-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் வளர்த்த விலங்குகளிடையே ஒரு நோய் பரவியது. ஸ்டான்டனும் பிளெட்சரும் அதை ஆராய்ந்து, விட்மோர் கண்ட கிருமியே இதற்கும் காரணம் என்று நிறுவி, மெலியாய்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். சேற்றிலும் ஈரமண்ணிலும் இருக்கும் கிருமி அது. காலில் புண்ணோடு வயலிலும் வடிகாலிலும் இறங்குபவர்களுக்கும், நீரிழிவுக்காரர்களுக்கும் ஆபத்து மிகுதி. கிராம் சாயத்தில் வெளுக்கும் வகை. வெளிச்சவ்வு மருந்தைத் தடுக்கிறது, உள்ளே நுழைந்ததையும் அது சிதைத்துவிடுகிறது, பெனிசிலின் பலிப்பதில்லை. 1989-இல் தாய்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்றில் செஃப்டாசிடிம் என்னும் மருந்து இறப்பைப் பாதியாகக் குறைத்தது. அதுவும் சுவரின் முடிச்சையே தாக்குவதுதான், பெனிசிலினுக்குத் தூரத்து உறவு. பூட்டு ஒன்றுதான், சாவியின் பல்லை மாற்றிச் செதுக்க வேண்டியிருந்தது.

இப்போது பூஞ்சை. 1948 வாக்கில் நியூயார்க்கில் எலிசபெத் ஹேசன் என்ற அம்மையார் பூஞ்சையைக் கொல்லும் மண் கிருமிகளைத் தேடத் தொடங்கினார். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பரவலாகிவிட்ட காலம் அது. உடம்பிலுள்ள பாக்டீரியா அழிந்த இடத்தில் பூஞ்சை படர்வதை மருத்துவர்கள் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஹேசன் மண்ணில் கிடைத்ததை வளர்த்துக் கண்ணாடிச் சாடியில் அடைத்து, ஆல்பனி நகரிலிருந்த வேதியியலார் ரேச்சல் பிரௌனுக்கு அஞ்சலில் அனுப்புவார். அவர் அதிலிருந்து மருந்துப்பொருளைப் பிரித்து அஞ்சலிலேயே திருப்பி அனுப்புவார். அகப்பட்ட பொருள்களில் பல பூஞ்சையைக் கொன்றன. ஆனால், அவை சோதனை எலியையும் கொன்றன. பாக்டீரியாவைத் தேடிப் போனவர்கள் இந்த இடர்ப்பாட்டை இவ்வளவு சந்திக்கவில்லை. பூஞ்சையிலும் உட்கரு, நம்மிலும் உட்கரு. அதிலும் இழைமணிகள், நம்மிலும் இழைமணிகள். புரதம் செய்யும் மணிகளும் ஏறத்தாழ ஒன்றே. சொந்தக்காரனை அடிக்கக் கை ஓங்கினால் நம் மேலும் படுகிறது.

கடைசியில் வர்ஜீனியாவில் ஒரு பால்பண்ணை மண்ணிலிருந்து கிடைத்தது நிஸ்டாட்டின். 1950-இல் அறிவித்தார்கள், நியூயார்க் மாநிலத்தின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர் அது. அது பற்றிக்கொள்ளும் பிடி மிகச் சிறியது. நம் உயிரணுச் சவ்வில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்பு இருக்கிறது. பூஞ்சையின் சவ்வில் அதன் இடத்தில் எர்கோஸ்டிரால் இருக்கிறது. இரண்டும் அண்ணன் தம்பி போல. வேறுபாடு ஓரிரு அணுப்பிணைப்புகளில்தான். நிஸ்டாட்டின் எர்கோஸ்டிராலைப் பிடித்துக்கொண்டு சவ்வில் ஓட்டை போடுகிறது. பெரும்பாலான பாக்டீரியாவில் இவ்விரண்டுமே இல்லை. ஆகவே அவற்றுக்கு இம்மருந்து வெறும் தண்ணீர். நிஸ்டாட்டினை இரத்தத்தில் செலுத்தக்கூடாது. தோலுக்கும் வாய்க்கும் குடலுக்கும்தான். இரத்தத்தில் செலுத்த வந்த ஆம்போடெரிசினோ உயிரைக் காத்தது, ஆனால் நடுக்கத்தையும் காய்ச்சலையும் தந்து சிறுநீரகத்தையும் பதம் பார்த்தது.

ஒரு முறை நம் பள்ளியில் ஒரு சிறுமியின் கழுத்தில் வட்டமாகப் படை படர்ந்திருந்தது. தாயாரை அழைத்துக் கேட்டபோது, "ஐயா, தம்பிக்குத் தொண்டைப்புண்ணுக்குக் கொடுத்த மாத்திரையில நாலு மிச்சம் இருந்துச்சு, அதைத்தான் இவளுக்கும் கொடுத்துக்கிட்டு வர்றேன்" என்றார். அந்தத் தாயைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இரண்டும் கிருமி, இரண்டுக்கும் மாத்திரை. சுவரின் கதையை யாரும் அவரிடம் சொல்லவில்லை. தொண்டைக்கான மாத்திரை படையின் பூஞ்சையைத் தொடுவதே இல்லை; போதாததற்கு வாயிலும் குடலிலும் உள்ள நல்ல பாக்டீரியாக்களைத் துடைத்து, நாக்கில் வெண்மையாகப் படியும் வேறொரு பூஞ்சைக்கு இடம் செய்து கொடுக்கலாம். காலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கும் இதே கணக்குதான். படைக்கு உண்ணக் கொடுக்கும் கிரிசியோஃபுல்வின் என்னும் மருந்து 1939-இல் பிரித்தெடுக்கப்பட்டு, 1958-இல்தான் பயன் அறியப்பட்டது. அதுவும் பெனிசிலின் குடும்பத்துப் பூசணம் ஒன்றின் சரக்கே. புதிதாக முளைக்கும் தோலிலும் முடியிலும் போய்ப் படிந்து வேலை செய்வதால் வாரக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும்.

பாக்டீரியாவும் நாமும் முழுக்க வேறு என்று சொல்லிவிடவும் முடியாது. காசநோய்க்கு 1944-இல் வந்த ஸ்ட்ரெப்டோமைசின் சுவரைத் தொடாது. பாக்டீரியாவின் புரதம் செய்யும் மணிகளைத் தாக்கும். அவை நம்முடையவற்றைவிடச் சிறியவை, அமைப்பும் வேறு. ஆனால், அதை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள் சிலருக்குக் காது கேளாமல் போயிற்று. 1967-இல் லின் மார்குலிஸ் என்ற அம்மையார், நம் உயிரணுவுக்கு ஆற்றல் தரும் இழைமணிகள் பழங்காலத்தில் உள்ளே குடியேறிய பாக்டீரியாக்களே என்று எழுதினார். முதலில் பலர் ஏற்கவில்லை. இன்று பாடநூலில் இருக்கிறது. இழைமணிக்குள் இருக்கும் புரத மணிகள் பாக்டீரியாவின் சாயல் கொண்டவை. பிறவியிலேயே அவற்றில் ஒரு சிறு மாற்றம் உள்ளவர்களுக்கு அந்த மருந்து காதைக் கெடுக்கிறது என்பது 1993-இல் தெரிய வந்தது.

பூஞ்சையின் சுவரைத் தாக்கும் மருந்து எப்போது வந்தது தெரியுமா? பெனிசிலினுக்கு அறுபது ஆண்டுகள் கழித்து, 2001-இல். காஸ்போஃபங்கின் என்பது அதன் பெயர். சுவரிலுள்ள குளுக்கன் இழையை நெய்யவிடாமல் தடுக்கிறது. குளுக்கன் நம்மிடம் இல்லாததால் உடம்பும் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. 2009-இல் ஜப்பானில் ஒருவரின் காதுத் துளையிலிருந்து எடுக்கப்பட்ட காண்டிடா ஆரிஸ் என்ற நொதிப்பூஞ்சை, பிறகு பல நாட்டு மருத்துவமனைகளில் பரவியது. அதன் சில வகைகள் எர்கோஸ்டிராலைக் குறிவைக்கும் மருந்துகளுக்கும் சுவரைக் குறிவைக்கும் மருந்துக்கும் ஒருசேர அடங்குவதில்லை. 2022 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. 19 பெயர்கள் கொண்ட அப்பட்டியலின் முதல் வரிசையில் இடம்பெற்ற நான்கில் ஒன்று இந்த ஆரிஸ்.